உயிர்ச்சேதம் ஏதுமில்லை

எண்பதுகளில் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. கொள்ளிடம் கரைபுரண்டாலோ, மழை பொய்த்து ஏரி பாளம் பாளமாக வெடித்தாலோ மட்டும் எனக்குக் கூடுதலாக ஒரு வேலை வரும். திருச்சியில் அச்சாகும் ஒரு நாளிதழுக்கு எங்கள் ஊரில் பகுதிநேர நிருபர் ஒருவர் இருந்தார். உரக்கடைக்காரர். சாதாரண நாட்களில் யூரியா விற்பார். சுற்றுவட்டாரத்தில் ஏதாவது கெடுதல் நடந்துவிட்டால் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனாவும் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் நானுமாகக் கிளம்பிவிடுவார்.

அப்படிப் போன ஒரு வெள்ளத்தில்தான் அந்த அக்காவைப் படம் எடுத்தேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தன்னைப் பற்றி அச்சில் ஒருமுறை வந்ததே இந்தப் பிறவிக்குப் போதும் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஏலாக்குறிச்சிக்குப் போகும் வழியில், கொள்ளிடக் கரையை ஒட்டி அவருடைய ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை. நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கனமான குரல், மேலுதட்டுக்கு மேலே மிளகு அளவில் ஒரு மச்சம். மற்றவர்களுக்குக் கோபம் எதற்கெல்லாமோ வரும். அவருக்கு ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் வரும். நடந்ததை நடந்தபடி சொல்லாமல் யாராவது ஒரு விரல்கடை கூட்டியோ குறைத்தோ சொன்னால் அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. கூட்டிச் சொன்னது அவருக்குச் சாதகமாக இருந்தாலும் இதே கதிதான்.

வெள்ளம் வடிந்த பிறகு நடந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பங்குச் சாமியார் அவரைப் புகழ்ந்து பிரசங்கம் வைத்தார். ஒரு பெண்ணாக இருந்தும், கழுத்தளவு வெள்ளத்தில் நீந்திப்போய்ப் பள்ளிக்கூடத்துப் பூட்டை உடைத்து ஊருக்கே அடைக்கலம் கொடுத்தார் என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து அந்த அக்கா எழுந்து நின்றாராம். "சாமி, எனக்கு நீச்சல் தெரியாதுங்க. தண்ணி முட்டிக்கால் வரைக்குந்தான் இருந்துச்சு. நடந்துதான் போனேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். அதற்குப் பிறகு சாமியார் வேதாகமத்தில் வருகிற வெள்ளத்தைப் பற்றி மட்டும் பேசினார். அதன் ஆழத்தை நேரில் பார்த்தவர் யாரும் கோயிலில் இல்லை.

இப்படிப்பட்டவருக்கும் எங்கள் நிருபருக்கும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சந்திப்பு என்று எழுதியிருந்தது. நடுவில் கேமராவோடு நான்.

வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் நிருபருக்குக் குழப்பமே கிடையாது. பெண்ணாக இருக்க வேண்டும். வயதானவராக இருந்தால் சிலாக்கியம். முடி கலைந்திருக்க வேண்டும். கை கன்னத்தில் இருக்கலாம், இல்லாவிட்டால் வானத்தை நோக்கி நீண்டிருக்கலாம். செருப்பு, டிரான்சிஸ்டர், சிரிப்பு ஆகியவை படத்துக்குள் வரக்கூடாது. ஒருமுறை, இடிந்த சுவருக்கு முன்னால் நின்ற ஒரு விவசாயியைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். வெள்ளத்திலிருந்து அந்த மனிதர் காப்பாற்றி வைத்திருந்ததே அந்த ஒரு சட்டைதான். கழற்றி, மடித்து, கையில் பிடித்துக்கொண்டார். கையிலும் இருக்கக் கூடாது என்றார் நிருபர். கீழே வைக்க வேண்டியதாயிற்று. கீழே முழுக்கச் சேறு.

அதற்காக அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போகிற இடத்துக்கெல்லாம் ஒரு தார் வாழைப்பழம் வாங்கிக்கொண்டுதான் போவார். செய்தி எழுதும்போது நிஜமாகவே கண் கலங்குவார். கலங்கிய கண்ணோடுதான் 'கண்ணீர் மல்க' என்று எழுதுவார். நான் ஒருமுறை இந்தச் சட்டைக் கதையைக் கிளறியபோது, "சோறு தின்னுட்டு இருக்கறவனப் படம் போட்டா எவம்ப்பா சோறு அனுப்புவான்?" என்று கேட்டார்.

அது ஐப்பசி மாதம். வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஊருக்குள் தண்ணீர் புகுந்த மூன்றாம் நாள் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போனோம். சனம் பூராவும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் இருந்தது. பசங்கள் கரும்பலகையில் கப்பல் வரைந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் சாப்பிட்ட களைப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நிருபருக்கு முகம் தொங்கிப்போயிற்று. இவ்வளவு தூரம் வந்து இவ்வளவு நிம்மதியைப் பார்ப்போம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கட்டிடத்துக்குப் பின்பக்கம் புகை தெரிந்தது. போனோம். மூன்று கல் கூட்டி, சத்துணவு அண்டாவை ஏற்றி, அந்த அக்கா துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தார். விறகெல்லாம் ஈரம். புகை சுருள் சுருளாக எழும்பிக்கொண்டிருந்தது. தலையில் துண்டு கட்டிய ஓர் இளைஞன் குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான். சத்துணவு அறையின் சாவியை வைத்திருந்தவர் வெளியூரில் மாட்டிக்கொண்டதால், அந்த அக்கா பூட்டை உடைத்து அரிசியை எடுத்து அன்றோடு மூன்று நாளாக ஊருக்குக் கஞ்சியும் சோறுமாகப் போட்டுக்கொண்டிருந்தார். இதை அவரே எங்களிடம் சொன்னார், ஏதோ வீடு பெருக்கினேன் என்பது போல.

நிருபர் என்று தெரிந்ததும் துடுப்பை வைத்துவிட்டு மூன்று விஷயம் எழுதிக்கொள்ளச் சொன்னார். முதலாவது, வாய்க்கால் மதகு ஷட்டரின் திருகு துருப்பிடித்து ஆடியிலிருந்தே திறக்கவில்லை, மனு கொடுத்தும் யாரும் வந்து பார்க்கவில்லை. இரண்டாவது, மார்கழிப் பட்டத்துக்கு வைத்திருந்த விதைக்கடலை பூராவும் போய்விட்டது, விதை கிடைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம். மூன்றாவதைச் சொல்லும்போது குரலைத் தணித்து, விறகு தள்ளிக்கொண்டிருந்த இளைஞனை மோவாயால் காட்டினார். தண்ணீர் புகுந்த அன்று விடியற்காலையில் அவன் வீட்டுச் சுவர் விழுந்திருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிய அவன் மனைவி இடறி விழுந்த இடத்தில் தண்ணீரின் இழுப்பு அதிகம். குழந்தை போய்விட்டது.

"உடம்பு கெடச்சுதா?" என்று நிருபர் கேட்டார்.

"இல்லீங்க."

நிருபர் தாலுகாவில் விசாரித்துக்கொள்வதாகச் சொன்னார். பேனாவைத் திறக்கவில்லை. அந்த இளைஞனை ஒருமுறை பார்த்தார். அவன் அழவில்லை. கன்னத்தில் கை வைக்கவில்லை. விறகு தள்ளிக்கொண்டிருந்தான். அந்த வேலையை அவனுக்குக் கொடுத்ததே அந்த அக்காதான் என்றும், அன்று காலைவரை அவன் வாய்க்கால் கரையிலேயே நின்றுகொண்டிருந்தான் என்றும் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. நிருபர் அவனிடம், வெளிச்சத்தை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். அவனும் தள்ளி நின்றான்.

அப்போது காற்று திரும்பியது. புகை மொத்தமாக அந்த அக்காவின் கண்ணில் ஏறியது. கண்ணீர் வழிய, வாய் கோணி, முந்தானையைத் தூக்கி முகத்துக்குக் கொண்டுபோனார். நிருபர் என் முதுகில் தட்டினார். நான் அமுக்கினேன். இரண்டு வருடமாக அவர் தேடிக்கொண்டிருந்த முகம், ஈர விறகின் தயவில் கிடைத்துவிட்டது.

சாயங்காலம் ஸ்டூடியோவில் பிரிண்ட் போடும்போது நிருபர் பக்கத்திலேயே நின்றார். அண்டா படத்தில் பாதியை அடைத்திருந்தது. "சட்டி பானையெல்லாம் எதுக்குப்பா, மூஞ்சி மட்டும் போதும்" என்றார். என்லார்ஜரின் தலையை மேலே ஏற்றினேன். முகம் பெரிதானது. அண்டா காகிதத்தை விட்டு வெளியே போனது. துடுப்பு போனது, அடுப்பு போனது, ஓரத்தில் நின்ற அந்த இளைஞனும் போனான். என் கையால்தான் செய்தேன். படத்தையும் செய்தியையும் கவரில் போட்டு, வழக்கம்போல திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினோம்.

மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. 'எல்லாம் போச்சே! இரண்டு நாட்களாக ஒரு பருக்கைச் சோறுகூட இல்லாமல் தவிக்கும் மூதாட்டி கண்ணீர் மல்கக் கதறுகிறார்' என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். செய்தியில் துருப்பிடித்த ஷட்டர் இல்லை. விதைக்கடலை இல்லை. ஓலமிடும் காற்று இருந்தது, இரக்கமற்ற வானம் இருந்தது. கடைசி வரி மட்டும் சுருக்கமாக இருந்தது. 'உயிர்ச்சேதம் ஏதுமில்லை என அதிகாரிகள் தெரிவித்தனர்.' உடல் கிடைக்காததால் தாலுகாவில் சாவு இல்லை. தாலுகாவில் இல்லாததால் பத்திரிகையிலும் இல்லை.

நிருபரின் கணக்கு ஒரு விதத்தில் பலித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். படத்தைப் பார்த்துத் திருச்சிக்காரர்கள் உருகிப்போனார்கள். படம் வந்த நான்காம் நாள் ஒரு லாரி நிறைய உதவி வந்து இறங்கியது. ஆயிரம் பன் ரொட்டி. கம்பளிச் சட்டைகள். ஒரு காலுக்கு மட்டுமான பூட்ஸ்கள். ஏதோ கான்வென்ட் பள்ளிக்கூடம் மூட்டை கட்டி அனுப்பிய கழுத்து டைகள். அந்த வருடம் முழுக்க அந்த ஊர்ப் பசங்கள் டை கட்டிக்கொண்டு ஆடு மேய்த்தார்கள். விதைக்கடலை மட்டும் ஒரு படிகூட வரவில்லை. யாருக்கும் அது வேண்டும் என்று தெரியாதே.

பன்னைச் சுற்றி வந்த தாளில்தான் அந்த அக்கா தன் முகத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, மூதாட்டி என்றால் யார் என்று விசாரித்தார். சொன்னார்கள். நாற்பது வயதில் மூதாட்டியானதை அவர் சிரித்துத் தள்ளிவிட்டதாகத்தான் கேள்வி. சோறு இல்லை என்றதைத்தான் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாராம். அப்படியானால் எடுத்த அரிசி எங்கே என்று கேட்பார்களே என்று பயந்தாராம்.

அவர் பயந்தது சரியாகப் போயிற்று. ஒரு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து அவருக்கு ஓர் உத்தரவு வந்தது. அனுமதியில்லாமல் பூட்டு உடைக்கப்பட்டிருக்கிறது, இருப்பில் அரிசி மூட்டைகள் குறைகின்றன, அரிசியை மக்களுக்குச் சமைத்துப் போட்டதாகச் சொல்வது பத்திரிகைச் செய்திக்கு முரணாக இருக்கிறது, எனவே விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம். சுருக்கமாகச் சொன்னால், ஊர் பட்டினி கிடந்ததாக அச்சில் வந்துவிட்டபடியால், ஊருக்குச் சோறு போட்டவர் அரிசித் திருடி ஆகிவிட்டார். சாட்சியாக ஃபைலில் அவருடைய கண்ணீர்ப் படத்தையே ஒட்டியிருந்தார்கள்.

உத்தரவையும் பத்திரிகைத் தாளையும் எடுத்துக்கொண்டு ஒரு காலை நேரத்தில் என் ஸ்டூடியோவுக்கு வந்தார். நான் யாரென்று அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தாளை மேசையில் விரித்துவைத்தார்.

"படத்துல அண்டா எங்கங்க தம்பி?"

நான் நெகட்டிவ் திருச்சிக்குப் போய்விட்டது என்றேன். பொய். என் பின்னால் இருந்த அலமாரியில்தான் இருந்தது. ஆனால் நிருபர் வருடத்துக்கு நாலு வேலை கொடுப்பவர். அவர் சொல்லாமல் அதை வெளியே எடுப்பது எனக்கு நல்லதில்லை என்று தோன்றியது. அந்த அக்கா என்னுடன் வாதம் செய்யவில்லை. சரி தம்பி, இருக்கேன் என்று சொல்லி, குரூப் போட்டோவுக்காக நான் வைத்திருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஒரு கல்யாண ஜோடி வந்து போனது. ஒரு கைக்குழந்தையைக் கிலுகிலுப்பை ஆட்டிச் சிரிக்கவைத்துப் படம் எடுத்தேன். அந்த அக்கா அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் நான் சாப்பிட்டு வந்தபோதும் அதே இடத்தில் இருந்தார். நாலு மணிக்கு என்னால் முடியவில்லை. எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன்.

என்னிடம் இருந்ததிலேயே பெரிய காகிதத்தை எடுத்து, ஒரு மூலைகூட வெட்டாமல் முழுப்படத்தையும் போட்டேன். டிரேயில் முதலில் அண்டாதான் கறுப்பாக எழும்பி வந்தது. பிறகு துடுப்பு, கல் அடுப்பு, அவர் முகம். கடைசியாக ஓரத்தில் தலைத்துண்டோடு அந்த இளைஞன். ஈரம் காய்ந்ததும் அவரிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இதான் நடந்துச்சு" என்றார். பத்திரிகைத் தாளை மடித்துக்கொண்டே, "அழுவுறதுக்கு அன்னைக்கி எனக்கு நேரம் இல்ல தம்பி" என்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். படத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

விசாரணைக்குப் போவதற்கு முன்னால், இரண்டு வருடம் கழித்து நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்போது மழை பொய்த்துவிட்டது. சென்னையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகைக்காரர்கள் காரில் வந்து, பெரம்பலூர்ப் பக்கம் வறட்சியைக் காட்ட வழிகாட்டியாக என்னை அழைத்துக்கொண்டு போனார்கள். வாலிகண்டபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி நன்றாக வெடித்துக் கிடந்தது. அவர்களுக்கு ரொம்பத் திருப்தி. ஏரியின் நடுவில் ஒரு பெண் காலிக் குடத்தோடு நின்றால் போதும் என்றார்கள். ஊருக்குள் போய் ஆள் தேடினேன். என் அதிர்ஷ்டம், தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் என்று விருந்துக்கு வந்திருந்த அந்த அக்கா எதிரே வந்தார்.

அவர்கள் கேட்டதை நான் சொன்னேன். சென்னைக்காரர்களையே நேராகப் பார்த்துக் கேட்டார்: "தண்ணி இல்லாத ஏரிக்குக் குடத்தத் தூக்கிட்டு யாருங்க வருவா? தண்ணி எங்க இருக்கோ அங்கதான போவோம்?"

அது ஒரு குறியீடு என்று போட்டோகிராபர் விளக்கினார். குறியீடு என்றால் என்ன என்று அந்த அக்கா கேட்கவில்லை. வேண்டுமானால் நிஜமாகவே குடம் தூக்குகிற இடத்தைக் காட்டுகிறேன் என்று எங்களை வெயிலில் இரண்டு மைல் நடத்தினார். ஒரு தோட்டத்துக் கிணற்றைச் சுற்றி ஐம்பது பெண்கள் வரிசையில் இருந்தார்கள். விடிகாலையிலிருந்து நிற்கிறார்கள். கிணற்றுக்காரரை ஒருத்தி நக்கல் அடித்தாள், வரிசையே சிரித்துக்கொண்டிருந்தது. சென்னைக்காரர்கள் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சிரிக்கிற வறட்சியை அவர்கள் ஆபீசில் வாங்கமாட்டார்களாம். கடைசியில் திரும்பி வரும் வழியில் வேறொரு பாட்டியைப் பிடித்து, டீக்கடையில் ஒரு குடத்தை இரவல் வாங்கி, ஏரியில் நிற்கவைத்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் குடத்தில் இருந்த தண்ணீரைக் கீழே கொட்ட மனசில்லாமல் அண்டாவில் ஊற்றிவிட்டுக் கொடுத்தார். அட்டைப்படமாக வந்தது. பிரமாதமான படம்.

என் தொழிலும் அந்த அக்காவிடம் தப்பவில்லை. வேலைக்குத் திரும்பிய பிறகு ஆபீசுக்குக் கொடுக்க ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்தார். எல்லாருக்கும் செய்வதுபோல மரியாதைக்காக நெகட்டிவில் பென்சில் தீட்டி மச்சத்தை எடுத்துவிட்டேன். வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த அம்மா யார் என்று கேட்டார். மச்சத்தோடு மறுபடி போட்டுக்கொடுத்தேன்.

வேலைக்கு எப்படித் திரும்பினார் என்பதுதான் இனி பாக்கி.

விசாரணை அரியலூரில் ஓர் ஆபீசில் நடந்தது. படம் நிஜம்தான் என்று சொல்ல நெகட்டிவோடு நானும் போயிருந்தேன். தேவைப்பட்டால் சாட்சி சொல்ல அந்த இளைஞன் வந்திருந்தான். அவனைக் கூப்பிடாததால் வாசல் புங்கமரத்தடியில் நின்றான். உள்ளே அதிகாரி, எழுத்தர், நாங்கள் இரண்டு பேர். அதிகாரி மோசமானவர் இல்லை, களைத்தவர். பத்திரிகையில் சோறு இல்லை என்று போட்டிருக்கிறதே, நீங்கள் போட்டதாகச் சொல்கிறீர்களே என்று ஆரம்பித்தார். அச்சில் வந்ததும் ஆள் நேரில் வந்து சொல்வதும் மோதினால் அரசாங்கம் எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் முழுப்படத்தை மேசையில் வைத்தேன். அதிகாரி ஃபைலில் இருந்த பத்திரிகைப் படத்தை அதன் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரே முகம், ஒரே முந்தானை. ஒன்றில் அண்டா, ஒன்றில் பட்டினி. நெகட்டிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். அண்டா சரி, எத்தனை பேர் சாப்பிட்டார்கள், யார் யார், வீடு வாரியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அரிசிக்கு ஆள் கணக்குப் பொருந்தினால் விஷயத்தை முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம்.

அந்த அக்கா மேலத்தெருவிலிருந்து ஆரம்பித்தார். வீட்டுக்காரர் பெயர், வீட்டில் எத்தனை பேர், சாப்பிட்டது எத்தனை பேர். ஒரு வீட்டில் ஆறு பேர், சாப்பிட்டது ஐந்து, பையன் திருப்பூரில் இருக்கிறான். ஒரு வீட்டில் நாலு பேர், நாலு பேரும். எழுத்தர் வேகமாக எழுதிக்கொண்டே வந்தார். இரண்டு தெரு முடிந்து கீழக்கோடிக்கு வந்தார்.

"அடுத்த வூட்டுல மூணு பேருங்க. சாப்பிட்டது ரெண்டு பேரு."

எழுத்தர் வழக்கம்போல, மற்றவர் எங்கே வெளியூரா என்று கேட்டார்.

"வெளியூரு இல்லீங்க. தண்ணியில போயிடுச்சு. பொட்டப்புள்ள."

எழுத்தரின் பேனா நின்றது. அதிகாரி ஃபைலைப் பார்த்தார். உயிர்ச்சேதம் இல்லை என்று தங்கள் அறிக்கையிலும் இருக்கிறது, பத்திரிகையிலும் வந்திருக்கிறது என்றார். அது உண்மையென்றாலும் இது அரிசி விசாரணை, அதை இதில் சேர்க்க முடியாது, அது வேறு ஃபைல் என்றார்.

"எந்த ஃபைலு சார்? சொல்லுங்க, அங்க போயும் சொல்றேன்."

அப்படி ஒரு ஃபைல் இல்லை என்பது அதிகாரிக்கும் தெரியும், எழுத்தருக்கும் தெரியும். அந்த அக்கா குரலை உயர்த்தவில்லை.

"வூட்டுல ரெண்டே பேருன்னு எழுதுனீங்கன்னா அந்தப் புள்ள பொறக்கவே இல்லன்னு ஆயிடும். மூணு பேரும் சாப்பிட்டாங்கன்னு எழுதுனா நான் பொய் சொன்னதா ஆயிடும். மூணு பேரு, சாப்பிட்டது ரெண்டு. மத்தது ஏன் சாப்பிடலன்னு எல்லா வூட்டுக்கும் எழுதுனீங்கல்ல சார், இதுக்கும் எழுதுங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுத்தரிடம், சொல்றத எழுதுய்யா என்றார். எழுத்தர் குழந்தையின் பெயர் கேட்டார். பூங்கொடி. வயது கேட்டார். ஒண்ணேகால் என்றார். ஒன்று என்று போட்டுக்கொள்ளலாமா என்று எழுத்தர் கேட்டார். மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தின வாரம் பிறந்தது, ஒண்ணேகால்தான் என்றார். ஒன்றேகால் என்று எழுதப்பட்டது. எழுதியதை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பூட்டை உடைத்ததற்கு எச்சரிக்கை, அரிசிக்குக் குற்றம் இல்லை, வேலைக்கு வரலாம். நிருபரிடம் இதைச் செய்தியாகப் போடுங்கள் என்று சொன்னேன். அவரும் எழுதி அனுப்பினார், பொய் சொல்லக்கூடாது. வெள்ளம் பழசாகிவிட்டது என்று திருச்சியில் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடுவதும் குறைந்துபோயிற்று. அந்த விசாரணைத் தாளின் நகலை வைத்து மனுமேல் மனுவாகப் போட்டதில், ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்தக் குழந்தையின் சாவை அரசாங்கம் ஒப்புக்கொண்டது. மனுக்களை எழுதவைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த அக்காவை நினைக்கும்போது எனக்கு முன்னால் வருவது விசாரணை முடிந்து வெளியே வந்த அந்த மத்தியானம்தான். அந்த இளைஞன் புங்கமரத்தடியிலிருந்து வந்தான். மூன்று பேரும் பஸ்ஸுக்கு நடந்தோம். அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா என்று அவன் கேட்கவில்லை.

"உள்ள என்னக்கா எழுதுனாங்க?" என்றான்.

அந்த அக்கா நின்றார். எழுத்தர் வாசித்த அதே தமிழில், அதே வேகத்தில் சொன்னார்: "மேற்படி வீட்டில் மூவர். உணவருந்தியவர் இருவர். பெண் குழந்தை பூங்கொடி, வயது ஒன்றேகால், வாய்க்கால் உடைந்த அன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்துவிட்டது."

"பேரு எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு."

அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். இன்னொருவாட்டி சொல்லுக்கா என்றான். திருமானூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்து அவசரப்படுத்தினார். அந்த அக்கா படியில் வைத்த காலை எடுத்துவிட்டுத் திரும்பி நின்று, முதலிலிருந்து ஆரம்பித்து, ஒரு சொல் கூடாமல் ஒரு சொல் குறையாமல் கடைசிவரை சொல்லி முடித்துவிட்டுத்தான் ஏறினார்.